தடை நீங்கியது, சோதனைக்கூடம் எங்கே?

தடை விதிப்பது அரசுக்கு எளிது. விதித்த தடையை நீக்குவது அதைவிடவும் எளிது. ஆளுக்கொரு சுற்றறிக்கையில் இரண்டும் முடிந்துவிடும். ஆனால், தடை இருந்த காலத்தில் தேங்கிப்போன அறிவையும் திறனையும் மீட்டெடுப்பதற்குச் சுற்றறிக்கை போதாது. மத்திய அரசுக் கட்டடங்களில் மரத்துக்கு இருந்த தடையின் கதை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

1993-ம் ஆண்டு மத்திய பொதுப்பணித் துறை தனது கட்டுமானப் பணிகளில் மரத்தைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. காடுகளைக் காப்பதே நோக்கம். கதவு நிலைக்கு இரும்பு, ஜன்னலுக்கு அலுமினியம், கதவுக்குப் பிளாஸ்டிக் என்று மாற்றுப் பொருள்கள் வந்து சேர்ந்தன. 27 ஆண்டுகள் கழித்து, 2020-ல், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வேண்டுகோளை ஏற்று அதே துறை அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. மரம் மீண்டும் வளரக்கூடிய பொருள், கரியமிலத்தைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும் பொருள், அதை வளர்க்கும் விவசாயிக்கு வருமானம் தரும் பொருள் என்பவை இப்போது எடுத்துரைக்கப்படும் நியாயங்கள்.

இரண்டு முடிவுகளுக்குமே அந்தந்தக் காலத்தின் நியாயம் இருக்கிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. இடைப்பட்ட அந்த 27 ஆண்டுகளில் மரக் கட்டுமானம் என்ற சொல்லின் பொருளே உலகில் மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் சோதனைக்கூடங்களை இந்தியா உருவாக்கவில்லை. அனுமதி கிடைத்துவிட்டது, அந்த அனுமதியை நம்பி ஒரு பள்ளிக்கூடத்தையோ மருத்துவமனையையோ மரத்தால் கட்டுவதற்கு வேண்டிய சான்று நம் கையில் இல்லை.

புதிய மரம், புதிய கணக்கு

மரக் கட்டடம் என்றதும் தேக்கு உத்தரமும் செட்டிநாட்டு வீட்டுத் தூணும்தான் நமது நினைவுக்கு வரும். பெரிய தூணுக்குப் பெரிய மரம் வேண்டும். பெரிய மரத்துக்கு நூறாண்டுக் காடு வேண்டும். ‘மாஸ் டிம்பர்’ என்று இன்று அழைக்கப்படும் பெருமரக் கட்டுமானத்தின் கணக்கு வேறு. சிறு பலகைகளை உலர்த்தி, வரிசையாக அடுக்கி, ஒரு வரிசைக்குக் குறுக்காக அடுத்த வரிசையை வைத்து, பசையிட்டு அழுத்தினால் சுவராகவும் தளமாகவும் நிறுத்தக்கூடிய கனமான அடுக்குமரப் பலகை கிடைக்கிறது. மூன்று, ஐந்து, ஏழு என்று அடுக்குகள் அமையும். நெடுவாக்கில் வலுவும் குறுக்குவாக்கில் நலிவும் கொண்டது மரம். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கும்போது அந்த நலிவு ஈடுகட்டப்படுகிறது.

ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1990-களில் நடந்த ஆய்வுகள் இந்த அடுக்குமரத்துக்கு உருக்கொடுத்தன. நார்வேயில் 2019-ல் 18 மாடிகளுடன் 85 மீட்டர் உயரத்துக்கு மரக் கோபுரம் எழுந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2022-ல் 25 மாடிக் குடியிருப்பு கட்டி முடிக்கப்பட்டது. அதன் கீழ்த்தளங்கள் கான்கிரீட். மேலே 19 மாடிகள் மரம். உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதத்துக்குச் சிமென்ட் உற்பத்தி காரணமாக இருக்கும் நிலையில், சிமென்ட் உற்பத்தியில் உலகின் இரண்டாவது பெரிய நாடான இந்தியா இதைப் பாராமுகமாக விட்டுவிட முடியாது. 2070-க்குள் நிகரக் கரிம வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் உறுதியளித்த நாடு இது.

எரித்தும் குலுக்கியும் பெற்ற நம்பிக்கை

மேலை நாடுகளும் ஜப்பானும் மரத்தின் மீதுள்ள பற்றினால் மட்டும் அடுக்குமாடிகளுக்கு அனுமதி கொடுத்துவிடவில்லை. எரித்துப் பார்த்தார்கள், குலுக்கிப் பார்த்தார்கள், அதன் பிறகே விதிகளைத் திருத்தினார்கள்.

ஜப்பானில் 1995-ம் ஆண்டு கோபே நிலநடுக்கம் 6,400-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அந்தப் பேரழிவின் பாடமாக, கோபேக்கு அருகே மிக்கி என்ற ஊரில் 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட அதிர்வு மேடையை அந்த நாடு அமைத்தது. ஒரு முழுக் கட்டடத்தையே மேலே நிறுத்திக் குலுக்கிப் பார்க்கும் மேடை அது. 2007-ம் ஆண்டு அக்டோபரில், இத்தாலிய ஆய்வாளர்கள் தங்கள் நாட்டிலிருந்து அடுக்குமரப் பலகைகளைக் கப்பலில் கொண்டுவந்து, அந்த மேடையில் ஏழு மாடிக் கட்டடத்தை எழுப்பினார்கள். கோபே நிலநடுக்கத்தின் அதிர்வையே மீண்டும் உண்டாக்கிக் குலுக்கியபோதும் கட்டடம் நின்றது. 2023-ம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியாவின் சான் டியாகோ பல்கலைக்கழக அதிர்வு மேடையில் பத்து மாடி மரக் கட்டடம் இதேபோன்ற சோதனைக்கு உள்ளாக்கப்பட்டது.

நெருப்பின் கதை இன்னும் முக்கியமானது. 2017-ல் அமெரிக்க அரசின் தீ ஆய்வகம் ஒன்றில், அறைகலன்களோடு கூடிய இரண்டு அடுக்கு மர வீட்டைக் கட்டி ஐந்து விதமாக எரித்துப் பார்த்தார்கள். மரத்தை முழுவதும் ஜிப்சம் பலகையால் மூடி ஒருமுறை, ஓரளவு திறந்து வைத்து ஒருமுறை, நீர் தெளிப்பானை இயங்கவிட்டு ஒருமுறை என்று சோதனைகள் நடந்தன. அவற்றின் முடிவுகள் விதி வகுப்போரின் மேஜைக்குச் சென்றன. 2021-ம் ஆண்டின் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு 18 மாடி வரை மரக் கட்டடங்களுக்கு இடமளித்தது. 18 மாடிக்கு மரம் வெளியே தெரியாமல் மூடப்பட வேண்டும் என்றும், உயரம் குறையக் குறைய மரத்தைத் திறந்து வைக்கலாம் என்றும் நுட்பமாக வகைப்படுத்தியது. அந்த நுட்பம் சோதனையின் கொடை.

சோதனை என்பது பாராட்டுப் பத்திரம் வாங்கும் சடங்கல்ல. குறையைக் கண்டுபிடிப்பதில்தான் அதன் பயன் இருக்கிறது. தீச் சோதனைகளில் சில வகைப் பசைகள் வெப்பத்தில் இளகி, கரிந்த அடுக்கு உதிர்ந்து விழ, உள்ளேயிருந்த புதிய மரம் நெருப்புக்கு இரையாவது தெரியவந்தது. அதன் விளைவாக வட அமெரிக்க அடுக்குமரத் தர விதி 2018-ல் கடுமையாக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதம் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில், மரக் கட்டுமானத்துக்கே எடுத்துக்காட்டாக எழுந்துகொண்டிருந்த ஒரு கட்டடத்தில், பசை சரியாகப் பிடிக்காத தளப் பலகையின் ஒரு பகுதி பிரிந்து விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. பலகைகள் மீண்டும் சோதிக்கப்பட்டன, குறையுடையவை மாற்றப்பட்டன. தவற்றைக் கண்டறிந்து திருத்தும் ஆற்றல் பக்கத்திலேயே இருந்ததால், அந்த விபத்து ஒரு தொழிலின் முடிவாக இல்லாமல் ஒரு பாடமாக முடிந்தது.

ஆந்தையும் கூடலூரும்

ஒரேகானின் அனுபவத்தில் இந்தியாவுக்கு இன்னொரு படிப்பினையும் இருக்கிறது. அந்த மாநிலத்தின் ஊர்கள் பல மரம் அறுத்துப் பிழைத்தவை. 1990-ல் அங்குள்ள பழங்காடுகளில் வாழும் புள்ளி ஆந்தை, அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. 1994-ல் வந்த வனத் திட்டம் கூட்டாட்சி அரசின் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் குறைத்தது. ஆலைகள் மூடப்பட்டன; ஊர்கள் நொடித்தன.

ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவிலும் அதற்கு இணையான திருப்பம் நேர்ந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996-ம் ஆண்டு டிசம்பர் 12-ம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் பொருந்தும் ஆணையைப் பிறப்பித்தது. அங்கீகரிக்கப்பட்ட திட்டமின்றிக் காடுகளில் மரம் வெட்டுவது நின்றது. வடகிழக்கு மாநிலங்களில் அறுவை ஆலைகளும் பிளைவுட் ஆலைகளும் மூடப்பட்டன. இந்தியக் காடுகள் இன்று எஞ்சியிருப்பதற்கு அந்த ஆணை ஒரு முக்கியக் காரணம் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

அதன் பிறகு இரண்டு இடங்களும் சென்ற பாதைகள் வேறுவேறு. ஒரேகானில் 2015-ல் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் கைகோத்து, பெருமரக் கட்டுமானத்துக்கென்றே ஆய்வு நிறுவனத்தை ஏற்படுத்தின. மரவியலாளரும் கட்டடக்கலை வல்லுநரும் பொறியாளரும் அங்கே ஒன்றாக உழைக்கிறார்கள். 2022-ல் அமெரிக்க மத்திய அரசு அந்த மாநிலத்தின் பெருமரக் கூட்டமைப்புக்கு 4.14 கோடி டாலர் வழங்கியது. தீயைச் சோதிக்கவும், மேல்மாடிக் காலடி ஓசை கீழ்வீட்டில் கேட்கிறதா என்று சோதிக்கவும் வசதிகள் ஏற்படுத்துவது அந்தத் திட்டத்தின் பகுதி. 2024-ல் திறக்கப்பட்ட போர்ட்லாந்து விமான நிலையத்தின் ஒன்பது ஏக்கர் மரக் கூரை அந்த மண்ணின் மரத்தொழிலுக்குக் கிடைத்த மறுவாழ்வின் அடையாளம்.

இந்தியாவில் காட்டு மரம் நின்றதும் அந்த இடத்தை இறக்குமதி மரம் நிரப்பியது. மியான்மர் 2014-ல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தும் வரை அங்கிருந்து தேக்கு வந்தது. நியூசிலாந்துப் பைன் மரம் குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்தியாவின் மரப் பசி குறையவில்லை. வேறு நாட்டுக் காடுகளின் மீது திரும்பியது, அவ்வளவே.

டேராடூனின் பழம்பெருமை

இந்தத் துறையில் இந்தியா எப்போதுமே பின்தங்கி இருந்ததாக எண்ணிவிடக் கூடாது. 1906-ல் தொடங்கப்பட்ட டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம், மர ஆய்வில் உலகமே திரும்பிப் பார்த்த இடம். 1933-ல் அங்கே பணியாற்றிய சோண்டி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி, செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் கலவையால் மரத்தைக் கரையானிடமிருந்தும் உளுப்பிலிருந்தும் காக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ‘அஸ்கு’ என்ற பெயரில் கடல் கடந்த அந்தக் கலவையில் ஊறிய கம்பங்கள் பல நாடுகளின் தொலைபேசிக் கம்பிகளைத் தாங்கி நின்றன. ஆர்சனிக்கின் நச்சுத்தன்மை கருதி வீட்டு உபயோகத்துக்கான மரங்களில் அதன் பயன்பாட்டை 2003-ம் ஆண்டு இறுதியோடு அமெரிக்கா கைவிடும் வரை, உலகின் முதன்மையான மரக்காப்பு முறையாக அது விளங்கியது.

கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்துவதற்கான வடிவமைப்பு விதிகளை இந்திய தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 883 என்ற ஆவணமாக வகுத்திருக்கிறது. அது கடைசியாக 2016-ல் திருத்தப்பட்டது. அதே ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் மரத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. தேக்கு, சால், தேவதாரு என்று நூற்றுக்கும் குறையாத மர வகைகளின் வலிமையை டேராடூன் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பே இந்த விதிகளின் அடித்தளம்.

ஆனால், அந்த அளவீடுகள் எப்படிச் செய்யப்பட்டன என்று பார்க்க வேண்டும். முடிச்சோ வெடிப்போ இல்லாத, இரண்டு அல்லது ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள சிறு மாதிரித் துண்டுகளை வளைத்தும் நசுக்கியும் பெற்ற மதிப்புகள் அவை. ஒரே மரத்திலிருந்து அறுத்த உத்தரத்துக்கு அது போதும். நூற்றுக்கணக்கான பலகைகள் பசையால் பிணைக்கப்பட்ட பத்து மீட்டர்த் தளத்துக்கு அது போதாது. அங்கே மரத்தோடு பசையின் குணமும், இணைக்கும் திருகாணியின் பிடிப்பும், பலகைகளின் அடுக்கு முறையும் சேர்ந்து வலிமையைத் தீர்மானிக்கின்றன. முழு அளவில் செய்து, முழு அளவில் சோதித்தால் அன்றி அதை அறிய வழியில்லை.

கடன் வாங்க முடியாத கணக்கு

வெளிநாட்டுச் சோதனை முடிவுகளையே எடுத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி எழலாம். மூன்று காரணங்களால் அது இயலாது.

முதலாவது, மரம் வேறு. ஐரோப்பிய அடுக்குமரம் குளிர் நாட்டில் பல பத்தாண்டுகள் மெல்ல வளர்ந்த ஊசியிலை மரத்தில் செய்யப்படுகிறது. நெருப்பில் அது நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் கரியும் என்ற கணக்கில் அங்கே சுவரின் கனம் முடிவு செய்யப்படுகிறது. அதாவது ஒரு மணி நேரத்தில் நான்கு சென்டிமீட்டர் அளவுக்குக் கரிந்தாலும், உள்ளே இருக்கும் மரம் சுமையைத் தாங்கும். ஹரியாணாவின் பாப்லரும், தமிழகத்தின் மலைவேம்பும், ஆந்திரத்தின் தைலமரமும் ஆறேழு ஆண்டுகளில் வெட்டப்படுபவை. இளமரத்தின் அடர்த்தியும் வலிமையும் வேறு. அதன் மேல் பசை பிடிக்கும் விதமும் வேறு.

இரண்டாவது, தட்பவெப்பம் வேறு. ஏறத்தாழ 12 சதவீத ஈரப்பதத்தில் உலர்த்தி ஒட்டப்படும் பலகை, தில்லியின் மே மாத வறட்சியில் சுருங்கும். அதே தில்லியின் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் உப்பும். சென்னையிலும் கொச்சியிலும் ஆண்டு முழுவதும் ஈரக்காற்று. ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சுருக்கமும் உப்பலும் பசைப் பிடிப்பை என்ன செய்யும் என்பதற்குக் குளிர் நாட்டு ஆய்வில் முழு விடை கிடைக்காது.

மூன்றாவது, கரையான். குளிர்ப்பகுதி ஐரோப்பாவில் சிறு கவலையாக இருப்பது இங்கே முதல் கவலை. மரத்துக்கு மருந்தேற்றிவிட்டு ஒட்டினால் பசை பிடிக்குமா, ஒட்டிவிட்டு மருந்தேற்றினால் உள்ளடுக்கு வரை மருந்து செல்லுமா என்பவை ஆய்வுக்குரிய கேள்விகள். கரையான் நிறைந்த மண்ணில் மரத்துண்டுகளைப் புதைத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்கும் சோதனைக் களம் டேராடூனில் உண்டு. காமேசத்தின் வாரிசுகள் விடை காண வேண்டிய கேள்விகளே இவை.

நிலநடுக்கத்தைப் பொறுத்தவரை, இந்திய நிலப்பரப்பில் ஏறத்தாழ 59 சதவீதம் நிலநடுக்க அபாயம் கொண்டது என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. மரத்தால் நிலநடுக்கத்தை எதிர்கொள்ளும் மரபு இந்தியாவுக்குப் புதிதல்ல. இமாசலத்தின் காத்குனி வீடுகளும், காஷ்மீரின் தஜ்ஜி தேவாரி வீடுகளும், அசாம் பாணி வீடுகளும் அந்த அறிவின் சாட்சிகள். 2005 அக்டோபரில் காஷ்மீர் குலுங்கியபோது கல் வீடுகள் இடிந்து விழுந்த இடங்களில் மரச்சட்டம் பின்னிய வீடுகள் தாக்குப்பிடித்து நின்றன. ஆனால், அந்த வீடுகளுக்கு வேண்டிய தேவதாருவை இன்று காட்டிலிருந்து வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. பண்ணையில் வளர்ந்த சிறு மரத்தைக் கொண்டு அந்த மரபைத் தொடர வேண்டுமானால், முதலில் அதிர்வு மேடையில் சோதித்தாக வேண்டும்.

நட்டம் யாருக்கு?

இது விஞ்ஞானிகளின் பிரச்னை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. 2023-ம் ஆண்டுக்கான இந்திய வன நிலை அறிக்கையின் கணக்குப்படி, காடுகளுக்கு வெளியே, அதாவது வயல் வரப்புகளிலும் தோப்புகளிலும் வளரும் மரங்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 9.15 கோடி கன மீட்டர் தொழிற்சாலை மரம் கிடைக்கக்கூடும். 2014-ல் வேளாண் காடு வளர்ப்புக்கெனத் தேசியக் கொள்கை வகுத்த முதல் நாடு இந்தியா. விவசாயி தன் நிலத்தில் வளர்த்த மரத்தை வெட்டுவதற்கான நடைமுறைகளை எளிதாக்கும் மாதிரி விதிகளை 2025 ஜூனில் மத்திய அரசு வெளியிட்டது. மரத்துக்கும் காட்டுக்கும் சான்றளிக்கும் தேசியத் திட்டம் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

மரம் நடு என்று அரசு சொல்கிறது. வெட்டிக்கொள் என்றும் சொல்கிறது. ஆனால், அந்த மரம் எங்கே போகிறது? பிளைவுட் ஆலைக்கு, காகித ஆலைக்கு, இல்லாவிட்டால் அடுப்புக்கு. ஹரியாணாவின் யமுனா நகர் பிளைவுட் சந்தையில் பாப்லர் விலை சரிந்தால், விற்பதற்கு வேறு வாசல் விவசாயிக்கு இல்லை. கட்டடத்தைத் தாங்கும் மரம் என்ற தகுதி கிடைத்தால் அதே மரத்துக்குப் புதிய சந்தை திறக்கும். அந்தத் தகுதியை அளிக்கச் சோதனைக்கூடம் இல்லையென்றால், இந்தியாவில் மரக் கட்டடம் எழுப்ப விரும்புகிறவர்கள் சான்றிதழோடு வரும் ஐரோப்பிய, கனடியப் பலகையைத்தான் வாங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எந்தப் பொறியாளரும் சான்றில்லாத மரத்தை நம்பிக் கையெழுத்திட மாட்டார். 2020-ல் தடையை நீக்கியதன் பலன் கடல் கடந்த காடுகளுக்குப் போய்ச் சேரும். கரூரிலும் யமுனா நகரிலும் மரம் நட்டவர் வேடிக்கை பார்ப்பார்.

ஐயங்களும் விடைகளும்

மரத்துக்குக் கதவைத் திறந்தால் காடு மீண்டும் அழியும் என்று சூழலியலாளர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. பண்ணை மரத்தின் பெயரில் காட்டு மரம் கடத்தப்பட்ட கதைகள் இந்த நாட்டில் ஏராளம். அடுக்குமரம் இந்த அச்சத்தை ஓரளவு குறைக்கக்கூடியது. அதற்கு வேண்டியவை நூறாண்டுத் தேக்கும் ஈட்டியும் அல்ல. ஆயினும், எந்த நிலத்தில் விளைந்த மரம் என்று கண்டறியும் ஏற்பாடும் சோதனையின் அங்கமாக இருக்க வேண்டும். ஒரு மரத்துண்டின் இனத்தை அடையாளம் காணும் திறன் டேராடூனிலும் பெங்களூரு மர அறிவியல் நிறுவனத்திலும் ஏற்கெனவே இருக்கிறது.

நெருப்பைப் பற்றிய அச்சம் அதைவிட ஆழமானது. 2004-ம் ஆண்டு ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டதைத் தமிழகம் மறந்துவிடவில்லை. கீற்றும் கனத்த அடுக்குமரமும் ஒன்றல்ல. மெல்லிய குச்சி பற்றும் வேகத்தில் பெரிய கட்டை பற்றுவதில்லை என்பது விறகடுப்பு மூட்டிய எவருக்கும் தெரியும். ஆனால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரிடம் அடுப்பனுபவத்தைச் சொல்லி நம்ப வைக்க முடியாது. இந்த மரம், இந்தக் கனம், இத்தனை நிமிடம் தாங்கியது. மாடியிலிருக்கும் குழந்தைகள் இறங்கிவர அந்த நேரம் போதும் என்று ஒரு பொறுப்புள்ள நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த நிறுவனம் பொது நிறுவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு லண்டன் மாநகரம் கொடுத்த விலை பெரிது. 2017 ஜூனில் கிரென்ஃபெல் கோபுரத்தில் பற்றிய தீ 72 உயிர்களைக் கொன்றது. எரியும் தன்மை கொண்ட வெளிப்பூச்சுப் பலகைகள் பாதுகாப்பானவை என்ற பெயரில் விற்கப்பட்டிருந்தன. உற்பத்தியாளர்கள் சோதனைகளைத் திட்டமிட்டுத் திரித்தார்கள் என்று 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. 1997-ல் தனியார்மயமாக்கப்பட்ட கட்டட ஆய்வு நிறுவனத்தையும் அது கண்டித்தது. விற்பவரின் பணத்தில், விற்பவருக்கு இசைந்து நடக்கும் சோதனை, சோதனையே இல்லாததைவிட ஆபத்தானது.

ஒரு பகல் பயணம், பல அமைச்சகங்கள்

செலவு அதிகமாகுமே என்ற தயக்கம் நிதித் துறைக்கு எழலாம். உண்மையில் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. பாப்லர் மரம் குவியும் யமுனா நகரில் காலையில் புறப்பட்டால், தீ ஆய்வகம் கொண்ட மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் நிலநடுக்கப் பொறியியல் துறை கொண்ட ஐ.ஐ.டி.யும் அமைந்த ரூர்க்கியைக் கடந்து, டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாலைக்குள் சென்று சேர்ந்துவிடலாம். தெற்கே, மரப்பலகையும் பசையும் ஆய்வு செய்யும் வல்லுநர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். அதிர்வு மேடையோடு கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. மர இனப் பெருக்கத்துக்கான நிறுவனம் கோயம்புத்தூரில் இருக்கிறது. இவற்றில் உள்ள மேடைகள் எதுவும் ஏழு மாடிக் கட்டடத்தைத் தாங்கும் அளவினது அல்ல என்றாலும், இரண்டு மூன்று மாடிகளுக்கான இணைப்புகளையும் சுவர்களையும் சோதித்துத் தொடங்க அவை போதும்.

பிறகு ஏன் நடக்கவில்லை? வன ஆராய்ச்சி நிறுவனம் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் தரமணி மையமும் அறிவியல் அமைச்சகத்தின் கீழ். ஐ.ஐ.டி. கல்வி அமைச்சகத்தின் கீழ். தர விதி வகுக்கும் அமைவனம் நுகர்வோர் விவகார அமைச்சகத்தின் கீழ். கட்டடம் கட்டும் பொதுப்பணித் துறை நகர்ப்புற அமைச்சகத்தின் கீழ். மரம் நடும் விவசாயி வேளாண் அமைச்சகத்தின் கீழ். ஒரு மரத்துண்டு விதையிலிருந்து கூரையாவதற்குள் ஆறு அமைச்சகங்களைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றும் தன் பங்கைச் சரியாகவே செய்வதாகக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். முழு வேலைக்குப் பொறுப்பானவர் மட்டும் யாருமில்லை.

நிதிக்கும் வழியில்லாமல் இல்லை. நாட்டின் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஆராய்ச்சிக்குச் செல்வது 0.64 சதவீதம்தான் என்ற குறைபாட்டைப் போக்கவே, 2023 ஆகஸ்டில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.50 ஆயிரம் கோடி என்றும், அதில் ஏறத்தாழ ரூ.36 ஆயிரம் கோடி அரசு சாராத மூலங்களிலிருந்து வரும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கான ஆராய்ச்சி ஊக்கத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அது தனியார் துறைக்குக் குறைந்த வட்டியில் நீண்டகால நிதி வழங்கும் திட்டம். லாபம் எதிர்பார்க்கும் கடனில் பொதுச் சோதனைக்கூடம் எழாது. அதற்கு அரசின் நேரடி ஒதுக்கீடு வேண்டும்.

அவையின் கடமை

செய்ய வேண்டியவை தெளிவானவை. டேராடூன், ரூர்க்கி, பெங்களூரு, சென்னை ஆகிய நான்கு இடங்களின் வசதிகளையும் ஒரே பொறுப்பாளரின் கீழ், ஒரே நிதியில் இணைத்துப் பெருமரக் கட்டுமானத்துக்கான தேசியச் சோதனை அமைப்பு உருவாக்கப்பட வேண்டும். பாப்லர், தைலமரம், மலைவேம்பு, சவுக்கு, மூங்கில் ஆகியவற்றை முன்னுரிமை கொடுத்து ஆராய வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கும் சோதனைகளின் முடிவுகள், தோல்விகள் உள்பட, அனைவரும் காணும்படி வெளியிடப்பட வேண்டும். சிறு ஆலைகளுக்கும் விவசாயிகள் கூட்டமைப்புகளுக்கும் சோதனைக் கட்டணம் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். தடை விதித்த அதே பொதுப்பணித் துறை, சோதனையில் தேறிய இந்திய மரத்தைக் கொண்டு இரண்டு மாடி அலுவலகம் ஒன்றைக் கட்டி, ஈரத்தையும் கரையானையும் பத்தாண்டுகள் கண்காணித்து நாட்டுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். மூங்கில் பற்றிய வனச் சட்டத் திருத்தம் 2017 டிசம்பரில் அவைக்கு வந்தபோது, காட்டுக்கு வெளியே விளையும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து நீக்க உறுப்பினர்கள் வழிவிட்டார்கள். 2023 மே மாதம் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு நாகபுரியிலிருந்து தேக்கும், திரிபுராவிலிருந்து மூங்கில் தரைப் பலகையும் வந்தன. மரம் என்பது அழகுக்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல என்ற பழைய எண்ணம் அங்கேயும் தொடர்கிறது. அறிவியல், சுற்றுச்சூழல், வனம் ஆகிய துறைகள் ஒரே நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வு வரம்புக்குள் வருகின்றன. டேராடூனையும் ரூர்க்கியையும் தரமணியையும் ஒரே மேஜைக்கு அழைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இருக்கிறது. தமிழக உறுப்பினர்கள் இதில் முன்கை எடுப்பது இயல்பானதாகவும் இருக்கும்; மரம் வளர்ப்போரும் ஆய்வு மையங்களும் தமிழகத்தில் உண்டு.

1993-ல் காடுகளைக் காக்க மரத்தை ஒதுக்கினோம். 2020-ல் பூமியைக் காக்க மரத்தை அழைத்தோம். இடையில் செய்யத் தவறியது, மரத்தை அறிந்துகொள்வது. நட்ட மரம் வெட்டும் பருவத்துக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். சோதனைக்கூடம் அமைத்து, எரித்தும் குலுக்கியும் விதி வகுக்கவும் ஏறத்தாழ அதே காலம் பிடிக்கும். இன்று நடப்படும் கன்றுக்கு உரிய விலை கிடைக்க வேண்டுமென்றால், சோதனைக்கூடத்துக்கான அடிக்கல்லும் இன்றே நாட்டப்பட வேண்டும்.